வரிசையில் நாற்பத்தொன்று

கதவைத் திறந்த தம்பி வழியை மறித்தபடியே நின்றான்.

"நாங்க மெக்கானிக் யாரையும் கூப்பிடலையே."

"நான்தான்டா கூப்பிட்டேன். நகரு," என்றது உள்ளேயிருந்து அவன் அக்காவின் குரல்.

மத்தியானம் மூன்று மணி. வெளியே கண் கூசும் வெயில். கூடத்திலோ திரைச்சீலைகளை இழுத்து மூடி வைத்திருந்தார்கள். மருந்தும் பினாயிலும் கலந்த வாடை அடித்தது. ஆள் போன பிறகும் நோயாளியின் வாடை வீட்டை விட்டு லேசில் போகாது. மெக்கானிக் பையைக் கீழே வைத்தார்.

"அம்மா போய் இருபது நாள் ஆச்சு," என்று அவளே சொன்னாள். "அவங்க லேப்டாப்ல நல்ல படம் ஒண்ணு இருக்கு. பிரின்ட் போட்டா வரமாட்டேங்குது, சிவப்பு விளக்கு மட்டும் சிமிட்டுது. இவன் ரிப்பேர்ங்கிறான். என்ன ரிப்பேர்னு கேட்டா வாயைத் திறக்கமாட்டேங்கிறான்."

"பழைய பிரின்ட் மெஷின்க்கா. தூக்கிப் போட்டுடலாம்."

"போடு, போடு. உனக்கு அதுதானே நல்லா வரும்!"

மெக்கானிக் சமாதானமாகச் சிரித்தார். "பாதி வீட்டுல என் வேலையே பிளக்கைச் சொருகறதுதாங்க. இருங்க, பாக்கலாம்."

பிளக் சரியாக இருந்தது. மை நிறைய இருந்தது. உருளையில் எதுவும் சிக்கவில்லை. கடைசியாகத் தாள் வைக்கும் தட்டை இழுத்தார்.

காலி.

"ஏங்க, பட்டினி போட்டுட்டு வேலை செய்யலைன்னு சொல்றீங்களே!"

யாரும் சிரிக்கவில்லை. தம்பி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

மெக்கானிக் தன் பையிலிருந்த காகிதக் கட்டைப் பிரித்துத் தட்டு நிறையத் தாள் வைத்தார். மெஷின் கீச்சென்று கத்தி ஒரு தாளை இழுத்தது. வந்தது படமில்லை. வெள்ளைத் தாளின் நடுவில், பெரிய எழுத்தில், ஒரே ஒரு சொல்.

தண்ணி.

அக்கா அதை இரண்டு கையாலும் எடுத்தாள். "இது அம்மா," என்றாள் மெல்ல. "வாதம் வந்து பேச்சுப் போச்சு. மாடியில படுத்தபடியே இடது கையால தட்டுவாங்க, கீழே இதுல வரும். ஆளை வச்சு இந்த ஏற்பாட்டைப் பண்ணிக் கொடுத்துட்டுத்தான் நான் ஊருக்குப் போனேன். அம்மா குரல் திரும்ப வந்துடுச்சுன்னு சிரிச்சோம்."

அடுத்த தாள் விழுந்தது.

தம்பி, தண்ணி.

அதற்கடுத்தது.

நாக்கு வறளுது.

மெக்கானிக் லேப்டாப்பைப் பார்த்தார். "பழசெல்லாம் வரிசையில நிக்குதுங்க. தாள் இல்லாததால போகாம கிடந்திருக்கு. இந்த மூணையும் சேர்த்து உங்க படத்துக்கு முன்னாடி நாப்பத்தொண்ணு."

தம்பி வந்து அவர் காதோரம் குனிந்தான். அவன் மூச்சு சுட்டது. "அழிச்சிடுங்க. உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன்."

"அங்க என்னடா ரகசியம்? நீங்க சொல்லுங்க, இதெல்லாம் எப்ப அனுப்பினது?"

மெக்கானிக் திரையைப் பார்த்து வாசித்தார். "பதினாலாம் தேதி. முதல் தாள் பகல் பன்னிரண்டு பத்துக்கு. கடைசி... சாயங்காலம் அஞ்சு நாப்பதுக்கு."

அக்கா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அன்னைக்குப் பகல்ல சாப்பிட்டுப் படுத்தவங்க, தூக்கத்துலயே போயிட்டாங்கன்னு சொன்னியேடா."

"வீட்டுலேர்ந்தே ஆபீஸ் மீட்டிங்க்கா. நாள் முழுக்க இது கீச்சு கீச்சுன்னு கத்தும். ஓடிப்போய்ப் பார்த்தா தலகாணியைத் திருப்பு, ஃபேனைக் குறைன்னு இருக்கும். ஒரே ஒரு நாள்தான் தாளை எடுத்து வச்சேன்."

"அம்மாகிட்ட என்ன சொன்னே?"

"ரிப்பேர்னு."

மெஷின் நிற்கவில்லை. விழ விழ அவள் எடுத்து வாசித்தாள். சிலவற்றில் எழுத்து பாதியில் நின்றிருந்தது. ஒன்றில் வெறும் புள்ளிகள்.

ரிப்பேர்னு சொன்னே. மறந்துபோய்த் தட்டிட்டேன். கோவிச்சுக்காதே.

நாற்பத்தொன்றாவது தாள் வந்தது.

சரியானதும் வா.

பிறகு படம் வந்தது. சிரித்த முகம். அதோடு வரிசை தீர்ந்தது.

"போதும்!" தம்பி பாய்ந்து சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினான். மெக்கானிக் லேப்டாப்பை மூடினார். சிவப்பு விளக்கு அணைந்தது. தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பிப் போகும் சத்தம் தேய்ந்து மறைந்தது.

உள்ளே உருளை சுற்றியது.

நிதானமாக, ஒரு தாளை இழுத்தது.

சரியாயிடுச்சா தம்பி? தண்ணி.

"கரன்ட்டே இல்லைங்க," என்றார் மெக்கானிக். அவருக்கே கேட்காத குரல்.

அக்கா அழவில்லை. எழுந்து சமையலறைக்குப் போனாள். டம்ளர் நிறையத் தண்ணீர் கொண்டுவந்து தம்பியின் கையில் திணித்தாள்.

"கொண்டு போ."

"அக்கா... மேல யாரும் இல்லக்கா."

"அன்னைக்கும் மேல யாரும் இல்லாத மாதிரிதானே இருந்தே? போடா."

அவன் ஏறினான். ஒவ்வொரு படியிலும் டம்ளரிலிருந்து தண்ணீர் தளும்பிச் சிந்தியது. மேலே கதவு திறந்தது. மூடியது.

சத்தமே இல்லை.

மெக்கானிக் பையை எடுக்கக் குனிந்தார். எடுக்காமல் மாடிப்படியைப் பார்த்தார்.

வெகுநேரம் கழித்து அவன் இறங்கி வந்தான். டம்ளர் காலியாக இருந்தது.

"கீழே கொட்டிட்டியா?"

இல்லையென்று தலையாட்டினான். சொல்ல வாயைத் திறந்தான். உதடு அசைந்தது, குரல் வரவில்லை.

மெஷின் அடுத்த தாளை இழுத்தது.

இன்னும் கொஞ்சம்.

அக்கா அவன் கையிலிருந்த டம்ளரை வாங்கிக்கொண்டு சமையலறைக்குப் போனாள். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது.

மெக்கானிக் தட்டைப் பார்த்தார். அவர் வைத்ததில் இன்னும் நூறு தாளாவது மிச்சம் இருந்தது.