உடம்புச் சூட்டில் தண்ணீர்

மீன் தொட்டியின் கண்ணாடி சுட்டது. கை பொறுக்காத சூடெல்லாம் இல்லை. தூங்கி எழுந்த குழந்தையின் கன்னத்தைத் தொட்டால் இருக்குமே, அப்படி ஒரு வெதுவெதுப்பு. மார்கழிக் குளிரில் தரையெல்லாம் சில்லிட்டுக் கிடந்த கூடத்தில், தொட்டியைத் துடைக்க வந்த சந்திரகலா துணியும் கையுமாக அப்படியே நின்றுவிட்டாள். உள்ளே ஹீட்டரின் சிவப்பு விளக்கு எரியவில்லை. எரியாத ஹீட்டர் எப்படித் தண்ணீரைச் சுடவைக்கும்?

தொட்டியைப் பார்த்துக்கொள்ள அவள் கணவன் புகழேந்தி பாடமே எடுத்திருந்தான். சுவரில் மாட்டிய சின்னப் பெட்டியிலிருந்து ஒரு ஒயர் தண்ணீருக்குள் இறங்குகிறது. அதன் நுனி தண்ணீரின் சூட்டைச் சொல்லும். இருபத்தெட்டு டிகிரிக்குக் கம்மியானால் பெட்டி ‘டக்’ என்று ஹீட்டரைப் போடும். இருபத்தெட்டு வந்ததும் அணைத்துவிடும். தட்டு தட்டாக நீந்தும் அந்த டிஸ்கஸ் மீன்களுக்குக் குளிர் ஆகவே ஆகாதாம். பெண்டாட்டிக்கு ஒரு ஸ்வெட்டர் வாங்க யோசிப்பவன், தொட்டி வீட்டுக்கு வந்த மறுநாளே மீனுக்கு மட்டும் மெட்ராஸ் போய்ப் பெட்டி வாங்கி வந்தான்.

அந்தப் பெட்டி இப்போது முப்பத்திரண்டு காட்டியது.

அவன் பஸ் கண்டக்டர். அன்று பௌர்ணமி ஸ்பெஷல் டூட்டி, விடிந்துதான் வருவான். வாசலுக்கு வெளியே செங்கம் ரோட்டில் கிரிவலக் கூட்டம் போய்க்கொண்டே இருந்தது. ஆயிரக்கணக்கான வெறுங்கால்கள் தாரில் உரசும் சத்தம், கற்பூர வாசனை, சுண்டல் வாசனை, எங்கேயோ ஒரு அரோகரா. அத்தனை ஜனம் பத்தடி தூரத்தில் நடந்தும் வீட்டுக்குள் அவளுக்குத் தனியாக இருப்பதுபோல் இருந்தது. அவன் செல்லுக்குப் போன் போட்டாள்.

“ஏங்க, தண்ணி சூடு ஏறிக்கினே போவுது. ஹீட்டரு எரியவே இல்ல.”

“ஒயரு வெளிய வந்திருக்கும், பாரு கலா. வெளிய வந்துட்டா ரூமு குளிர தண்ணினு நெனச்சிக்கினு சூடு ஏத்திக்கினே இருக்கும். மீனெல்லாம் வெந்துபூடும்.”

“ஒயரு உள்ளதான் இருக்குது.”

“அப்ப ஹீட்டர் பிளக்க புடுங்கிப் போடு. வந்து பாக்கறேன்.” பின்னால் யாரோ ‘வேலூர், வேலூர்’ என்று கத்த, போன் அறுந்தது.

பிளக்கைப் பிடுங்கினாள். முப்பத்து மூன்று. பார்த்துக்கொண்டிருக்கும்போதே முப்பத்து நான்கு. மீன்களெல்லாம் இரண்டு பக்கமும் ஒதுங்கி, கண்ணாடியை ஒட்டி நின்றன. நடுவில் காலி. பஸ்ஸில் பெரியவர் ஒருவர் ஏறினால் எல்லோரும் நகர்ந்து இடம் விடுவார்களே, அப்படி.

“பாப்பா, இங்க வா.”

தரையில் படம் வரைந்துகொண்டிருந்த கவிநிலா எழுந்து வந்து மடியில் உட்கார்ந்தாள். நாலு வயசு. கையைப் பிடித்த சந்திரகலா திடுக்கிட்டாள். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த தக்காளிபோல் இருந்தது அந்தக் கை.

“குளிருதா பாப்பா?”

“இல்லம்மா. அவருக்குத்தான் குளிருது.”

“எவருக்கு?”

“நீதான கூப்ட்ட. அந்த வூட்ல, வாங்கனு.”

போன வாரம். ஆசிரமத்துப் பக்கம் கோதண்டராமன் என்ற ரிட்டயர்டு வாத்தியார் இறந்துபோய், காரியமெல்லாம் முடிந்தபின், இந்த மீன் தொட்டியை எடுத்துக்கொள்ளச் சொல்லி அவர் மகள் கூப்பிட்டிருந்தாள். கடைசி மாசமெல்லாம் போர்வைமேல் போர்வை போட்டும் அப்பாவுக்குக் குளிர் அடங்கவே இல்லை என்று அழுதாள். சாவு வீட்டில் ‘போயிட்டு வர்றேன்’ என்று சொல்லக் கூடாது. அதற்காகவே சந்திரகலா நாக்கைக் கடித்துக்கொண்டிருந்தாள். யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. ஆனால் தொட்டியைத் தூக்கும்போது, மீன்களைப் பார்த்து, விளையாட்டாக, “வாங்க, நம்ம வூட்டுக்குப் போலாம்” என்றாள்.

மீனை யாராவது வாங்க என்பார்களா? வாங்கடா என்றிருக்கக் கூடாதா? அவர் கட்டில் அந்த அறையில்தானே இருந்தது.

முப்பத்தேழு. அங்கேயே நின்றது.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். பௌர்ணமிக்கு ரோட்டை அடைத்திருப்பார்கள், ஆட்டோ கிடைக்காது, நடந்தாவது ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம். கேட்டைத் திறப்பதற்குள் கவிநிலாவின் தலை தோளில் தொய்ந்தது. உதடு நீலம். பயந்து திரும்பி உள்ளே வந்தாள். தொட்டியை நெருங்க நெருங்கக் குழந்தைக்கு மூச்சு திரும்பியது.

அவளுக்குக் கோபம் வந்தது. பயத்தைவிட ஜாஸ்தியாக. குழந்தையைப் பாயில் கிடத்தி, குடத்தோடு பச்சைத் தண்ணீரைத் தொட்டியில் கவிழ்த்தாள்.

முப்பத்தைந்து.

டக்.

ஹீட்டர் எரியவில்லை. பிளக் தரையில் கிடந்தது. பாயில் கவிநிலா விலுக்கென்று வளைந்தாள். அவள் வாயிலிருந்து வெள்ளையாகப் புகை வந்தது.

முப்பத்தாறு. முப்பத்தேழு. டக். குழந்தை தளர்ந்தாள்.

புரிந்துவிட்டது. தண்ணீர் ஆறினால் சூடு பாப்பாவிடமிருந்து போகிறது. ஐயோ, புரியாமலே இருந்திருக்கலாம். பிளக்கைத் தேடிச் சொருகினாள். ஹீட்டர் எரிந்தது. அடுப்பில் குண்டானை வைத்துக் கொதிக்கக் கொதிக்க மொண்டு ஊற்றினாள். “சூடாத்தான் இருக்குதுங்க, சூடாத்தான் இருக்குது” என்று தொட்டியைப் பார்த்துக் கெஞ்சினாள். பெட்டி சத்தம் போடவில்லை. கவிநிலாவின் கன்னத்தில் கொஞ்சம் நிறம் வந்தது. மறுபடி குண்டானை நிரப்பி அடுப்பில் ஏற்றினாள்.

கரண்ட் போனது.

ரோட்டில் கூட்டம் ‘ஓ’ என்றது. அடுப்பின் நீல நெருப்பு. தண்ணீர் இன்னும் கொதிக்கவில்லை. சுவரில், கரண்டே இல்லாமல், பெட்டியின் சிவப்பு எண் மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

முப்பத்தாறு.

டக்.

இருட்டில் குழந்தையின் மூச்சு கேட்கவில்லை.

“வேணாங்க. அவளை வுட்டுடுங்க. என்னிய எடுத்துக்குங்க.”

இரண்டு கையையும் தோள்வரை தொட்டிக்குள் விட்டாள். மீன்கள் விலகின. வெதுவெதுப்பான தண்ணீர். அதற்குள் ஒரு கை. வயசான கை. தளர்ந்த தோல், அதற்கடியில் எலும்பு. அவள் மணிக்கட்டை மெதுவாக, மரியாதையாகப் பிடித்தது.

குளிர் ஏறியது. முழங்கை. தோள். நெஞ்சு.

பாயில் ஒரு இருமல். ஒரு புரளல்.

“அம்மா?”

பிழைத்துவிட்டாள். சந்திரகலாவுக்கு அழுகையும் சந்தோஷமும் முட்டின. கையை இழுத்தாள். வரவில்லை. கிட்ட வராதே என்று சொல்லப் பார்த்தாள். நாக்கு விறைத்திருந்தது. உதடு அசையவில்லை.

சின்னக் காலடிச் சத்தம். அப்புறம் பிளாஸ்டிக் ஸ்டூலைத் தரையில் தரதரவென்று இழுக்கும் சத்தம்.

“அம்மா, ஒனக்குக் குளிருதா? நானும் புடிச்சிக்கிறேன்.”

சிவப்பு வெளிச்சத்தில் கவிநிலா ஸ்டூல்மேல் ஏறி நின்று, ஸ்வெட்டர் கையை ஒழுங்காக முழங்கைவரை சுருட்டினாள். தண்ணீருக்கு அடியிலிருந்து இன்னொரு கை எழும்பி, விரல்களை விரித்துக்கொண்டு, அவளுக்காக நின்றது.