வெள்ளை டேப்புக்குக் கீழே

ஆஸியா பீவி உள்ளே வரவில்லை. வாசலிலேயே நின்றாள்.

"சாயங்காலம் போலீசுக்குப் போறாங்களாம், டாக்டரம்மா. மருந்தைத் திருடி வித்துட்டேனாம்."

லொரேன் பிரேதப் பரிசோதனை செய்தே ஓய்வு பெற்ற டாக்டர். உயிருள்ளவர்கள் அவளிடம் வருவது அபூர்வம். நாற்காலியைக் காட்டினாள். ஊரில் சிக்கல் என்றால் அவளோடு ஒட்டிக்கொள்ளும் வக்கீல் மாறன் அதற்குள் பேனாவைத் திறந்துவிட்டான்.

ஆஸியா ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். கிளிஞ்சல்மேட்டு செல்லையனுக்குக் குடலில் ஓட்டை. டாக்டர் மதியழகன் வயிற்றைத் திறந்து தைத்தான். வலிக்குத் தோளில் பேட்ச் ஒட்டினார்கள். அபின் வகை மருந்து. தோல் வழியாக மெல்ல இறங்கும்.

"நம்ம ஊரு வேர்வைக்கு பேட்ச் நிக்காதுங்க. மேல வெள்ளை டேப் போட்டு மூடிருவோம். எல்லா நர்சும் அப்படித்தான். அப்புறம் டேப் இருக்கான்னு பாப்போம், அவ்வளவுதான்."

ஆனாலும் செல்லையன் கதறினான். பேட்ச் இருக்கும்போது ஊசியும் போட்டால் மூச்சு நின்றுவிடலாம் என்று ஊசி போடவில்லை. இவ்வளவு வலி என்றால் தையல் விட்டிருக்கும் என்று மதியழகன் வயிற்றை மறுபடி திறந்தான். தையல் அப்படியே இருந்தது. இப்போது அந்தக் காயத்தில் சீழ். இன்று காலை டேப்பைப் பிரித்தார்கள். கீழே இருந்தது இடுப்புப் பிடிப்புக்குக் கடையில் விற்கும் பிளாஸ்திரி.

"ஒட்டுனது யாரு?"

"நாந்தான். நெசமான பேட்ச்தான் ஒட்டுனேன். அல்லா அறிய."

"டாக்டரே எடுத்திருப்பான்," என்றான் மாறன்.

"எடுத்துட்டு, திரும்ப வயித்தையும் கிழிப்பானா? வண்டியை எடு."

செல்லையனின் குரல் மருத்துவமனை மாடிப்படியிலேயே கேட்டது. "ஏய், செத்துட்டியாடி? தண்ணி குடுடி."

அவன் மனைவி குஞ்சம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இட்லிப் பொட்டலம் பிரிக்காமல் கிடந்தது. லொரேன் தோளைத் தொட்டு எழுப்பினாள்.

"சாப்பிடலையா?"

"ஓங்கரிக்குதுங்க." மூக்கைச் சொறிந்தாள். ஜன்னல் மூடிய வார்டு. அந்த மங்கலிலும் அவள் கண்மணிகள் கடுகளவு இருந்தன. மறுபடி தலை தொங்கியது.

"பாவம், அலுப்பு," என்றான் மாறன்.

மதியழகன் பிளாஸ்திரியை ஒரு தட்டில் வைத்து எடுத்துவந்தான். "எல்லாம் தெளிவா இருக்கு மேடம். அந்த டேப்பைத் தொட்டது இந்த நர்ஸ் மட்டும்தான்."

லொரேன் தட்டை முகர்ந்தாள். கற்பூர நெடி.

"நர்ஸ் திருடினா கீழ எதை ஒட்டுவாங்க?"

"இதைத்தான்."

"ஒண்ணும் ஒட்ட வேண்டாம். வெறும் டேப் போதும். டேப்பைப் பிரிச்சு யாரும் பாக்கிறதில்லன்னு அவங்களுக்குத் தெரியும். கீழ ஏதாவது இருக்கணும்னு பயந்தவங்க நர்ஸ் இல்ல."

லொரேன் குஞ்சம்மா பக்கம் திரும்பினாள்.

"கையில இந்தப் பிளாஸ்திரி இருந்தவங்க. தினம் ஒட்டிக்கிறவங்க. புருஷன் இப்படிக் கத்தறப்ப ஒருத்தி தூங்கறா. அலுப்புன்னு சொல்லலாம். அலுப்புல மூக்கு அரிக்காது. இருட்டுல கண்மணி சுருங்காது. இதெல்லாம் அந்த மருந்து செய்யற வேலை."

திரையை இழுத்தார்கள். ஆஸியா குஞ்சம்மாவின் ரவிக்கையை விலக்கினாள். தோள்பட்டைக்குக் கீழே பேட்ச் ஒட்டியிருந்தது. விலாவில் பிளாஸ்திரி ஒட்டி ஒட்டிக் கறுத்த தோல். அதன் அடியில் எலும்பு ஒன்று கோணலாகக் கூடியிருந்தது.

லொரேன் பேட்சைப் பிய்த்தாள். "இன்னும் ஒரு ராத்திரி விட்டிருந்தா நீ எந்திரிச்சிருக்க மாட்டே."

மாறன் பேனாவை மூடினான்.

மதியழகனின் குரல் உடைந்தது. "திரும்ப வயித்தைத் திறக்கக் கூட்டிட்டுப் போனப்ப இங்கதானே இருந்தே? சொல்லியிருக்கலாமே?"

குஞ்சம்மா நிதானமாகப் பேசினாள். நாக்கு மட்டும் கொஞ்சம் குழறியது.

"என் விலா ஒடைஞ்சப்ப நான் விடிய விடியக் கத்துனேங்க. அவரு பக்கத்துல படுத்துத் தூங்குனாரு. அது எப்புடி அவரால முடிஞ்சுதுன்னு எனக்கு ரொம்ப நாளா தெரியல." கட்டிலைப் பார்த்தாள். "முடியுதுங்க."

செல்லையன் கதறுவதை நிறுத்தியிருந்தான். கேட்டுக்கொண்டிருந்தான்.

மதியழகன் ஆஸியாவின் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். "போலீசுக்குப் போகலை. ஊசி எடுத்துட்டு வாங்க."

"திருடி கையால போடலாங்களா?"

அவன் தலை குனிந்தான். ஆஸியா போய் ஊசி எடுத்துவந்தாள். செல்லையனுக்குப் போட்டாள். சிறிது நேரத்தில் அவன் குறட்டை விட்டான்.

குஞ்சம்மா விலாவைக் கையால் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"எனக்கு?"

ஆஸியா ஊசியைப் பெட்டியில் போட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள்.