தட்டு மறையும் ஆழம்

காலை ஆறு மணி நாற்பது.

சுண்டுவின் ஒரு கால் தண்ணீரில் இருந்தது. மறு காலைத் தூக்கினாள்.

"இறங்காதீங்க!"

சுண்டுவின் கையைப் பிடித்திருந்தவள் திரும்பினாள். பாறைமேல் ஒருவன். முழங்காலுக்கு மடித்த கால்சட்டை. கையில் கயிறு. கயிற்றின் நுனியில் சாப்பாட்டுத் தட்டு அளவில் ஒரு வட்டம், கறுப்பும் வெள்ளையுமாக.

"ஏன்? கடலை நீங்க வாங்கிட்டீங்களா?"

"குழந்தையை முதல்ல தூக்குங்க. சண்டை அப்புறம் போடலாம்."

சுண்டுவைத் தூக்கினாள். ஏழு வயதுக்குக் கனம்தான். அவன் இறங்கி வந்தான். ஒரு குச்சியை எடுத்து அதே இடத்தில் எறிந்தான். குச்சி கரைக்கு வரவில்லை. நேராக வெளியே போனது... போய்க்கொண்டே இருந்தது.

"சுத்தி எல்லா இடத்துலயும் நுரை. இங்க மட்டும் இல்லை பாருங்க. நுரை இல்லாத இடம்தான் இழுக்கும்."

அவள் சுண்டுவை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். நன்றி சொல்ல வாய் வரவில்லை.

"ஒரு போர்டு வைக்கலாமே?"

"போன வாரம் வெச்சேன். அதையும் கொண்டுபோயிடுச்சு."

சுண்டு சிரித்துவிட்டாள். அவள் சிரிக்கவில்லை. போனில் ஒரு பட்டியலை நீட்டினாள். குழந்தையோடு ஒரே நாளில் போய்வர, மீன் பார்க்க ஏற்ற மூன்று இடங்கள். முதலிடம் இதுதான்.

"எழுதினவர் கால்கூட நனைச்சிருக்க மாட்டார்" என்றான். "ரெண்டாவது பரவாயில்லை. நான் அங்கதான் போறேன். இருபது நிமிஷ நடை."

"நாங்களே போய்க்குவோம்."

"வழி ஒண்ணுதான். வேணும்னா பத்தடி முன்னால நடக்கறேன்."

பத்தடி முன்னால்தான் நடந்தான். சுண்டுவுக்கு அது பொறுக்கவில்லை. ஓடிப்போய் ஒட்டிக்கொண்டாள்.

"தட்டு மாமா, இது எதுக்கு?"

"தண்ணிக்குள்ள இறக்குவேன். எந்த ஆழத்துல கண்ணுக்கு மறையுதோ அதை எழுதிக்குவேன். தண்ணி எவ்வளவு தெளிவுன்னு ஆபீஸ்ல கேப்பாங்க. வாரத்துக்கு ஆறு இடம்."

"சித்தியும் அதேதான் செய்வாங்க! கண்ணாடிக் கடையில!"

அவன் நின்று திரும்பிப் பார்த்தான். அவள் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது.

"கண் டெஸ்ட் பண்றேன். எழுத்தைச் சின்னதாக்கிக்கிட்டே போவேன். எந்த வரியில மறையுதோ அதை எழுதிக்குவேன்."

"அப்ப ஒரே வேலைதான்."

"எங்க கடையில யாரையும் கடல் இழுக்காது."

அவன் சிரித்தான். பத்தடி, இரண்டடியாகிவிட்டிருந்தது. எப்போது என்று தெரியவில்லை.

மழை பாதி வழியில் பிடித்தது. படகுகளைக் கவிழ்த்து வைத்திருந்த ஒரு கொட்டகைக்குள் ஓடினார்கள். தகரக் கூரை. பெயிண்ட் வாசனை. வெளியே கடலும் வானமும் ஒரே நிறமாகிவிட்டன.

சுண்டு பையிலிருந்து நீச்சல் மாஸ்க்கை எடுத்துக் காட்டினாள். சுண்டுவுக்குப் பார்வை மைனஸ் நான்கு. கண்ணாடி போட்டுக்கொண்டு மாஸ்க் போட முடியாது. கழற்றினால் மீனும் தெரியாது, பாறையும் தெரியாது. அதனால் பழைய லென்ஸ் இரண்டை வெட்டி மாஸ்க்குக்குள் ஒட்டியிருந்தாள் அவள். மூன்று முறை ஒட்டிப் பிய்த்து, நான்காவது முறை நின்றது.

அவன் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்தான்.

"இதை யார் செஞ்சது?"

"நான்தான்."

"ஒரு மீனைப் பார்க்கவா?"

மீன் காட்டுகிறேன் என்று சுண்டுவிடம் சொன்னது அவள் அக்கா, சுண்டுவின் அம்மா. அக்கா போய் இரண்டு வருடம்.

அவன் மாஸ்க்கைத் திருப்பிக் கொடுத்தான். முகம் பக்கத்தில் வந்தது. இமையில் மழைத்துளி. பழுப்புக் கண்கள்... உப்புக் காற்றில் சிவந்து, எதையோ தூரத்தில் தேடிப் பழகியவை. அவள் பார்வையை எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை.

"உங்க இடது கண் ஓரத்துல சதை வளருது" என்றாள் சட்டென்று. "வெயில்ல கண்ணாடி போடுங்க."

"என் கண்ணைப் பார்த்து யாரும் இவ்வளவு மோசமா பேசினதில்லை."

"நல்லா பேசினது யாரு?"

"அதுவும் இல்லை."

சிரித்தாள். சிரிப்பு தகரத்தில் பட்டுத் திரும்பியது. தன் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று...

போன் அடித்தது.

"சொல்லுங்க அத்தான்... இல்லை, நனையலை. சாப்பிட்டோம். சாயந்தரத்துக்குள்ள வந்துடறோம் அத்தான்."

"அப்பாவா?" என்றாள் சுண்டு. அவன் பக்கம் திரும்பி விளக்கினாள். "சித்தி வீட்டுல இல்லைன்னா அப்பாவுக்கு எதுவுமே தெரியாது. என் சாக்ஸ் எங்கேன்னுகூடத் தெரியாது."

அவன் தலையாட்டினான். எழுந்து கொட்டகை வாசலுக்குப் போனான்.

"மழை விட்டுருச்சு மேடம். போகலாம்."

மேடம்.

அவள் அவன் முதுகைப் பார்த்தாள். என்ன ஆயிற்று இவனுக்கு? நடக்கும்போது புரிந்தது. சித்தி. அம்மாவின் தங்கையும் சித்திதான். அப்பாவுக்கு இரண்டாவதாக வந்தவளும் சித்திதான்.

ஒரு வார்த்தையில் திருத்திவிடலாம். வாய் வரை வந்தது. ஏன் திருத்த வேண்டும்? யார் இவன்? அதுவும் போக... எதைத் திருத்துவது? இன்று சாயந்தரத்துக்குள் அத்தானுக்குப் பதில் சொல்ல வேண்டும். கல்யாணத்துக்குச் சரி என்று சொன்னால், அவன் நினைத்ததுதான் நிஜம்.

அம்மா நேற்றுச் சொன்னதும் கூடவே நடந்து வந்தது. "நீ மாட்டேன்னா அவருக்கு வேற இடம் பார்ப்பாங்க. வர்றவ உன்னை வாசல்படி ஏற விடுவாளா? சுண்டுவை மறந்துட வேண்டியதுதான்."

அத்தான் நல்லவர். அதிர்ந்து பேசாதவர். அக்காவின் செருப்பை இன்னும் எடுக்காதவர். இரண்டு வருடமாக ஒரே கூரை. ஒரு நாள்கூட அவர் கண் என்ன நிறம் என்று அவள் பார்த்ததில்லை. கண் பார்ப்பதுதான் அவள் வேலை.

இரண்டாவது இடத்தில் ஓடைத்தண்ணீர் கலந்து கடல் தேநீர் நிறத்தில் இருந்தது. அவன் தட்டை இறக்கினான். ஒரு முழத்திலேயே காணவில்லை.

"இங்கயும் இல்லையா..." சுண்டுவின் உதடு பிதுங்கியது.

"மூணாவது இருக்கே" என்றாள் அவள்.

"அது லிஸ்டுல மட்டும்தான் இருக்கு மேடம். அங்க படகுத்துறை கட்டிட்டாங்க." அவன் கயிற்றைச் சுற்றினான். கொஞ்சம் தயங்கினான். "லிஸ்டுல இல்லாத இடம் ஒண்ணு இருக்கு. சின்னக் குளம் மாதிரி. அலை வராது, ஓடையும் சேராது. குழந்தைக்கு மார்பளவுதான். கூட்டிட்டுப் போகட்டுமா மேடம்?"

எத்தனை மேடம்! ஒவ்வொன்றும் ஒரு நாற்காலி அளவுக்குத் தள்ளி வைத்தது. அந்த மேடத்துக்குள் அடுத்த முப்பது வருடம் தெரிந்தது அவளுக்கு. கண்ணியமான, நனையாத முப்பது வருடம்.

"கூட்டிட்டுப் போங்க" என்றாள்.

பாறைகள் வளைத்துப் பிடித்த தண்ணீர். அவன் தட்டை இறக்கினான். தட்டு அடியில் போய் உட்கார்ந்தது. கறுப்பு கறுப்பாகவும் வெள்ளை வெள்ளையாகவும் தெரிந்தது.

"எழுதறதுக்கு ஒண்ணுமே இல்லை" என்றான். "மறையவே இல்லையே."

சுண்டுவுக்கு லைஃப் ஜாக்கெட் மாட்டி, மாஸ்க்கை இறுக்கி, மூச்சுவிடும் குழாயை வாயில் கொடுத்தார்கள். ஒரு கையை அவள் பிடித்துக்கொண்டாள். மறு கையை அவன். சுண்டு முகத்தைத் தண்ணீரில் வைத்தாள். எடுத்தாள். இருமினாள். மறுபடி வைத்தாள். பிறகு எடுக்கவே இல்லை. குழாய் வழியாக ஒரு கத்தல் மட்டும் வந்தது. அவளும் குனிந்து தண்ணீருக்குள் பார்த்தாள். மஞ்சளும் நீலமுமாக ஒரு கூட்டம்... சுண்டுவின் விரலைக் கொத்தப் பார்த்து, விலகி, மறுபடி வந்தது.

கால் மணி நேரம் மூன்று பேரும் நான்கு கைகளால் கோத்துக்கொண்டு நின்றார்கள்.

சுண்டு நிமிர்ந்தாள். குழாயைத் துப்பினாள்.

"தட்டு மாமா, ஒரு டவுட்."

"கேளு."

"சித்தியைக் கட்டிக்கிறவங்க சித்தப்பாதானே?"

"ஆமா."

"அப்ப சித்தி எங்க அப்பாவைக் கட்டிக்கிட்டா... அப்பா எனக்குச் சித்தப்பாவா?"

அவன் சுண்டுவைப் பார்த்தான். பிறகு, மிக மெதுவாக, அவளைப் பார்த்தான்.

"யார் சொன்னாங்க உனக்கு?" என்றாள் அவள்.

"பாட்டி போன்ல பேசினாங்க. எனக்கு அப்பா அப்பாவா இருக்கட்டும். நீங்க சித்தியாவே இருங்க. மாத்தினா எனக்குக் குழம்பிடும்." சுண்டு குழாயை வாயில் வைத்துக்கொண்டு மீன்களிடம் திரும்பிப் போனாள்.

தண்ணீர் அவர்கள் இடுப்பைச் சுற்றி அசைந்தது.

"மன்னிச்சுக்குங்க" என்றான். "நான் வேற சித்தின்னு..."

"தெரியும்."

"தெரிஞ்சும் சொல்லலையா?"

"சாயந்தரம் அதுவே உண்மையாயிடும்னு நினைச்சேன்."

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

"வேண்டாம்" என்றாள். "நீங்க எதுவும் சொல்லாதீங்க."

"சொன்னா என்ன?"

"உங்களைக் கேட்டு முடிவு பண்ணின மாதிரி ஆயிடும். இதை நான்தான் பண்ணணும்."

அவன் சொல்லவில்லை. அதற்குப் பிறகு ஒரு வார்த்தை சொல்லவில்லை. சுண்டுவுக்குத் தலை துவட்டும்போதும், பையைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறும்போதும் பேசாமலே வந்தான். சொல்லாமல் இருப்பதில் எவ்வளவு இருக்க முடியும் என்று அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

பஸ் நிறுத்தத்தில் ஒரு சிமெண்ட் பெஞ்சு. சுண்டு அதில் படுத்ததும் தூங்கிவிட்டாள். அவள் சற்றுத் தள்ளிப்போய்ப் போனை எடுத்தாள்.

"அத்தான்... அம்மா கேட்டதுக்குப் பதில். என்னால முடியாது அத்தான். சுண்டுவுக்கு நான் சித்தியாவே இருந்துக்கறேன். நீங்க விட்டா."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அவள் எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று... ஏழு.

"மீன் பார்த்தாளா?" என்றார் அத்தான்.

"பார்த்தா. நிறைய."

"உங்க அக்கா இருந்திருந்தா..." நிறுத்தினார். "நாளைக்கு ஸ்கூல் இருக்கு. அவளுக்குத் தலை பின்ன எனக்கு வராது."

"நான் பின்னறேன் அத்தான்."

"நாளைக்கு மட்டும்தானா?"

"நீங்க எந்த வீட்டுல இருந்தாலும், யாரோட இருந்தாலும் வந்து பின்னறேன்."

"அப்ப சரிம்மா" என்றார். அந்தச் சரியில் வருத்தம் இருந்தது. நிம்மதியும் இருந்தது. எது அதிகம் என்று அவளால் சொல்ல முடியவில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். அவன் பெஞ்சின் ஓரத்தில், சுண்டு உருண்டு விழாதபடி அணை போட்டு உட்கார்ந்திருந்தான். எழுந்து நின்றான். கேட்டிருப்பான். கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"உங்களுக்காகச் சொல்லலை" என்றாள்.

"தெரியும்."

"நீங்க யாருன்னே எனக்குத் தெரியாது."

"ஆமா."

"உங்க வீட்டுல யார் இருக்காங்கன்னு தெரியாது. உங்களுக்குக் கோபம் வந்தா எப்படி இருக்கும்னு தெரியாது."

"இன்னிக்குக் காலையில பார்த்தீங்களே. அவ்வளவுதான்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே அழுகையும். சாலை திரும்பும் இடத்தில் பஸ்ஸின் விளக்கு தெரிந்தது. அவன் குனிந்து சுண்டுவைத் தூக்கினான். தூங்கும் குழந்தையை அவள் தோளுக்கு மாற்றும்போது அவன் கை அவள் கைக்குக் கீழே மாட்டிக்கொண்டது. அவன் இழுத்துக்கொள்ளவில்லை. அவளும் விலகவில்லை.

"பஸ் வந்துருச்சு" என்றாள், அவன் கண்களைப் பார்த்து. "எனக்குப் போக மனசே வரலை... உங்களுக்கு?"