டிவிக்குப் பின்னால்

மின்சாரம் பாயும் எந்தப் பொருளும் சீஃப்பின் சொல்லை மீறியதில்லை. ஓய்வுபெற்ற தலைமைப் பொறியாளர். குடியிருப்பில் எல்லோருக்கும் இன்றும் சீஃப்தான். பணிக்காலம் முழுவதும் அவர் தன் கையால் இயக்கிய ஒரே மின்சாதனம் மேசைமணி.

இன்று டிவி மீறியது. வெளிநாட்டில் மகளுக்குப் பட்டமளிப்பு விழா, நேரலை ஓடிக்கொண்டிருந்தது. மடியிலிருந்த லேப்டாப்பில் மேடை பளிச்சென்று தெரிந்தது. ஒயர் போட்டு இணைத்த டிவியில் வெறும் கறுப்பு. அணைந்த டிவியின் கறுப்பு அல்ல. எரிந்துகொண்டிருக்கும் கறுப்பு.

"ஒயர் லூஸா இருக்கும். பின்னால போய் வேற ஓட்டையில சொருகிப் பாரு," என்றார் சோபாவிலிருந்து.

"நீங்க எந்திரிச்சுப் போய்ப் பாத்தா என்னவாம்? பெரிய இன்ஜினியரு," என்றாள் மனைவி.

"மேற்பார்வைக்கு ஆள் வேணாமா?"

முணுமுணுத்துக்கொண்டே போனாள். எப்படிப் போனாள் என்று அவர் பார்க்கவில்லை. மேற்பார்வையில் அதெல்லாம் சேராது.

"வந்துச்சாங்க?" டிவிக்குப் பின்னாலிருந்து குரல்.

"இல்ல. நல்லா அழுத்திச் சொருகு."

ஜன்னல் திரை போட்ட கூடத்தில் மின்விசிறி ஒரே தாளத்தில் முனகியது. சூடேறிய தூசியின் வாசனையோடு, நெடுநாளாய்த் திறக்காத அறையின் ஈர வாசனையும் டிவிப் பக்கமிருந்து மெல்ல வந்து அவர் காலடியில் தங்கியது.

"இப்ப வந்துச்சாங்க?"

குரல் சற்றுத் தள்ளிக் கேட்டது.

"இல்லன்னு சொல்றேன்ல! எங்கடி நிக்கிற?"

"பின்னாலதான். நீங்கதான போகச் சொன்னீங்க." மூச்சு வாங்கினாள். "இந்த ஒயரு ரொம்ப தூரம் போகுதுங்க."

சீஃப் லேப்டாப்பைத் தரையில் வைத்துவிட்டு எழுந்தார். திட்டுவதற்காகத்தான் எழுந்தார். டிவியின் ஓரத்துக்குப் போய் எட்டிப் பார்த்தார்.

டிவி சுவரோடு சேர்த்து முடுக்கப்பட்டிருந்தது. இடுக்கில் விரல்கூட நுழையாது. ஒயர் மட்டும் உள்ளே போனது. கீழே அவளுடைய வீட்டுச் செருப்பு ஜோடியாய் இருந்தது. முனைகள் சுவரைப் பார்த்தபடி.

"ஏய்," என்றார்.

"ஒரே இருட்டா இருக்குங்க. படம் வந்தா அந்த வெளிச்சத்துல திரும்பி வந்துடுவேன். ரிமோட்ட எடுங்க."

எடுத்தார். ஒலியைக் கூட்டுவது, குறைப்பது தெரியும். மற்றதெல்லாம் அவள் வேலை.

"ஏங்க." குரல் தாழ்ந்தது. "இங்க வேற யாரோ இருக்காங்க. வந்துச்சாங்க வந்துச்சாங்கன்னு கேட்டுக்கிட்டே வர்றாங்க. என்னை மாதிரியே."

"வந்துச்சாங்க?" என்றது இன்னொரு குரல்.

அதே குரல்.

"மேல வலது பக்கம் இருக்கிற பட்டன அமுக்குங்க. சீக்கிரம்."

"அவ பேச்சக் கேக்காதீங்க. அது அணைக்கிறது. கீழ இருக்கிறத அமுக்குங்க."

"நான்தாங்க பேசுறேன்!"

"நான்தாங்க!"

இரண்டும் அழுதன. ஒன்றுபோல.

அவளுக்கு மட்டுமே தெரிந்த ஏதாவது ஒன்றைக் கேட்டுப் பார்க்கலாம் என்று தோன்றியது. பிறந்தநாள். பிடித்த நிறம். சின்ன வயதில் அவளை வீட்டில் கூப்பிட்ட பெயர். யோசித்தார். எதைக் கேட்டாலும், சொல்லும் விடை சரியா என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஒயர் அசைந்தது. சுவருக்குள் போகத் தொடங்கியது. மெதுவாக. தரையில் லேப்டாப் உரசிக்கொண்டே அதன் பின்னால் நகர்ந்தது. அதில் மகள் மேடையேறி, கேமராவைப் பார்த்துக் கையசைத்தாள்.

"ஏங்க!"

"ஏங்க!"

கட்டைவிரல் பொத்தான்களின் மேல் நின்றது. அப்படியே நின்றது.

இரண்டில் எது தன் மனைவியின் குரல் என்று சீஃப்புக்குத் தெரியவில்லை.