பல் டாக்டரின் மீன்தொட்டி

மனித குலம் இன்னும் உருப்படாமல் இருப்பதற்கு 'மே ஹாவ்', 'இட் அப்பியர்ஸ்' என்ற இரண்டு ஆங்கிலத் தொடர்கள்தான் காரணம் என்று துப்பறிவாளரின் உதவியாளன் முடிவு கட்டியிருந்தான்.

"முதுகெலும்பு இல்லாதவன் எழுதுறது, சார். என் ரிப்போர்ட்ல 'இருக்கலாம்', 'போலத் தெரியுது' எல்லாம் வராது. செஞ்சான்னா செஞ்சான்!"

துப்பறிவாளர் பதில் சொல்வதற்குள் பல் டாக்டர் வந்துவிட்டார். அவருடைய கிளினிக்கில் வாடகைக்கு வைத்திருந்த தொட்டியில் மீன்களெல்லாம் காலையில் செத்து மிதந்தனவாம். தொட்டிக்காரக் கம்பெனி, யார் காரணம் என்று ஆங்கிலத்தில் அறிக்கை கேட்கிறதாம்.

"கூட்டுற அம்மாதான். தரை துடைக்கிற மருந்த ஊத்தியிருப்பாங்க. இன்னையோட நிறுத்திடப்போறேன்" என்றார் டாக்டர், கொட்டாவி விட்டபடி கழுத்தைத் தடவிக்கொண்டே.

கிளினிக்கில் அந்த அம்மா கண் கலங்கி நின்றாள். "நேத்து கூட்டித் துடைச்சு, பூட்டிட்டுத்தாங்க போனேன். காலையில எனக்கு முன்னாலயே டாக்டர் இருந்தாரு. துடைப்பத்தையே தொட விடல. இந்த வேலையும் போச்சுன்னா எங்க போவேன்?"

மாடிப்படியில் கொசு பிய்த்தெடுத்தது. உள்ளே ஒன்றுகூட இல்லை. நோயாளிகள் சாயும் நாற்காலி படுக்கைபோல நீட்டியிருந்தது, மேலே ஒரு தலையணை. மூடியில்லாத தொட்டிக்கு அருகே இரண்டு கரப்பான்கள் மல்லாந்து கிடந்தன.

உதவியாளன் அதற்குள் லேப்டாப்பில் தட்டிவிட்டான்: கூட்டுகிற பெண் மீன்களைக் கொன்றாள்.

"நீ பாத்தியா தம்பி?" என்றார் துப்பறிவாளர்.

"இல்ல சார். ஆனா..."

"அந்த 'ஆனா'வையும் எழுதணும்ல? கரப்பான் கூட்டின தரையில கிடக்கு. அப்ப அவங்க போனப்புறம்தான் செத்திருக்கணும். கொசுவும் இல்ல. யாரோ கொசு மருந்து அடிச்சிருக்காங்க, தொட்டியிலயும் விழுந்திருக்கு. கூட்டுறவங்க அடிச்சிருந்தா, அடிச்சிட்டுத்தானே கூட்டுவாங்க? இவங்க செஞ்சிருக்க முடியாது." அவர் திரும்பினார். "டாக்டர், ராத்திரி இங்கதான் படுத்தீங்களோ?"

டாக்டரின் முகம் சுருங்கியது. "வீட்டுல சின்ன சண்டை. கொசு தாங்கல. ரெண்டே ரெண்டு தடவதான் 'புஸ்'ஸுன்னு..."

"அப்ப நாளைக்கு நான் வரலாமுங்களா?" என்றாள் அந்த அம்மா.

"வாங்கம்மா" என்றார் டாக்டர், தரையைப் பார்த்தபடி.

உதவியாளன் பழைய வரியை அழித்தான். டாக்டர் மெல்ல வந்து அவன் தோளருகே குனிந்தார். "தம்பி, உங்க கடவாப்பல்லு சொத்தை மாதிரி தெரியுதே. பிடுங்கணும். என்கிட்டயே வந்துடுங்க."

உதவியாளன் வாயை இறுக மூடிக்கொண்டான். அந்த அம்மா செய்திருக்க முடியாது என்று முதலில் தெளிவாக அடித்தான். பிறகு, டாக்டரின் ஒப்புதல் இன்னும் காதில் ஒலித்துக்கொண்டிருந்தும், அவரைப் பற்றிய அடுத்த வரியை 'இட் அப்பியர்ஸ்' என்று தொடங்கி, யாரும் பார்க்காதபோது ஒரு 'மே ஹாவ்'வையும் சேர்த்தான்.