ஓர்வில் வீட்டுக் கார் ஷெட்

"ஏழு கயோட்டி. என் கார் ஷெட்டுக்குள்ள வந்து, கதவை அதுங்களே இழுத்துச் சாத்திட்டு, சுத்தி உக்காந்துச்சு. எதுவும் பாயல. பூனையைத் தூக்கி வச்சிருந்த என் கை ஓயுற வரைக்கும் காத்திருந்து, அதை வாங்கிட்டு, வரிசையா தலையாட்டி நன்றி சொல்லிட்டுப் போச்சு."

ஓர்வில் இதைச் சொன்னபோது லைல் பக்னர் காபியைச் சட்டையில் கொட்டிக்கொண்டு சிரித்தார். லாஸ் ஏஞ்சலிஸின் அந்த மலையடிவாரத்தில் ஓர்வில் பேச்சை நம்பியவர்கள் மொத்தம் மூன்று பேர். இருவர் செத்துவிட்டார்கள், ஒருவருக்குக் காது கேட்காது.

"உன் பொய்யைக் கேட்டா கயோட்டியே வெக்கப்படும். பூனைக்காக ஷெட் கதவை ஒரு சாண் தூக்கி, கீழ செங்கல் வேற வச்ச. அது நரிக்கு அண்ணன், ஓநாய்க்குத் தம்பி. விருந்துக்கு வராம என்ன பண்ணும்?"

தெருவின் கயோட்டித் தடுப்புக் குழுவுக்கு லைல்தான் தலைவர். வீட்டுக்கு வீடு அவர் ஒட்டிய தாளில் எல்லாம் இருந்தது: தீனியை வெளியே வைக்காதே, உதிர்ந்த பழத்தைப் பொறுக்கு, எதிரே வந்தால் கையைத் தூக்கிப் பெரிய ஆளாய் நின்று கத்து, சின்ன நாயென்றால் தூக்கிக்கொள், முதுகு காட்டாதே, அது வெளியேற வழி விடு.

புதன்கிழமை மத்தியானம் ஓர்வில் காரை எடுத்துக்கொண்டு பல் டாக்டரிடம் போயிருந்தார். பூனை போய் மூன்று வாரமாகியும் பாழாய்ப்போன மனுஷன் கிண்ணத்தில் தீனி வைப்பதை நிறுத்தவில்லை. அதை எடுத்து எறிந்துவிடலாம் என்று லைல் கிளம்பினார். கூட பிம், ஆறு கிலோ குட்டைக்கால் நாய். கடற்படைக்குப் போன மகள் ஒப்படைத்துவிட்டுப் போனது. வெள்ளிக்கிழமை வருகிறாள். தினமும் போனில் அப்பாவிடம் பேசுமுன் நாயிடம்தான் பேசுவாள்.

அந்தத் தெருவில் ஒருவர் ஷெட் கதவைத் திறக்கிற எண் இன்னொருவருக்கு மனப்பாடம். அழுத்தினார். கதவு முனகிக்கொண்டு மேலே ஏறியது. உள்ளே பழைய எண்ணெயும், மரத்தூளும், அதற்கடியில் மழையில் நனைந்த கம்பளிபோல ஒரு வாடையும். கிண்ணம் சுவரோரம் இல்லை. தரையின் நட்டநடுவில், யாரோ அளந்து வைத்ததுபோல் இருந்தது. மிச்சமில்லாமல் நக்கப்பட்டுப் பளபளத்தது.

பிம் காலோடு ஒட்டிக்கொண்டது. லைல் குனிந்து அதைத் தூக்கினார்.

மலையிலிருந்து அனல்காற்று வீசும் நாளில் தீப்பிடிக்குமென்று கரண்ட்டை நிறுத்துவது அங்கே வழக்கம். விளக்கு அணைந்தபோது அவர் பயப்படவில்லை. திரும்பிப் பார்த்தபோதுதான் கதவை மோட்டாரிலிருந்து கழற்றிவிடுகிற சிவப்புக் கயிறு, ஃப்ரீசருக்கு மேலே, மெல்ல இறுகுவது தெரிந்தது. கயிற்றின் முனையில் ஒரு வாய்.

கதவு இடிபோல் விழுந்து செங்கல்லில் முட்டி நின்றது. கீழே ஒரு சாண் வெளிச்சம். அதில் கால்கள். மெலிந்த, சாம்பல் நிறக் கால்கள், ஒவ்வொன்றாக வயிற்றைத் தரையில் உரசிக்கொண்டு உள்ளே நுழைந்தன.

"போ! ஏய், போ!" ஒரு கையை உயர்த்திக் கத்தினார். கான்கிரீட்டைக் காலால் உதைத்தார். அவர் எழுதிய அத்தனையும் செய்தார். வெளியே போக வழி இருந்தது. ஒன்றும் போகவில்லை. உட்கார்ந்தன.

வீட்டுக்குள் போகும் கதவு அந்தப் பக்கம் தாழிட்டிருந்தது. போன் அவர் வீட்டுச் சமையலறையில். கூப்பிட்டால் கேட்க அக்கம்பக்கத்தில் காற்றைத் தவிர யாருமில்லை. ஸ்பிரிங் அறுந்த மரக்கதவு; தூக்க இரண்டு கையும் வேண்டும். இரண்டு கை வேண்டுமென்றால் பிம்மைக் கீழே விடவேண்டும். உயரமாய் எங்காவது வைக்கலாமென்றால், இருந்த ஒரே உயரம் ஃப்ரீசர். அதன்மேல் கயிற்றை இழுத்த கயோட்டி உட்கார்ந்திருந்தது.

கதவை முதுகால் நெம்பினார். அசையவில்லை. நாயைச் சட்டைக்குள் திணித்தார். பொத்தான்கள் தெறித்து உருண்டன. ஒரு கயோட்டி அவற்றை மோந்து பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்தது.

பாய்ந்தால் உதைக்கலாம். உறுமினால் திருப்பிக் கத்தலாம். அவை அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை. முழங்கையைப் பார்த்தன.

அரை மணி. வலது கை மரத்தது. இடதுக்கு மாற்றினார். ஏழு தலைகளும் இடது பக்கம் திரும்பின.

தரையில் வெளிச்சம் மஞ்சளாகிச் சிவப்பாகியது. பிம் நடுங்குவதை நிறுத்திவிட்டது. அதன் இதயம் மட்டும் அவர் உள்ளங்கையில். டக். டக். டக்.

"இன்னும் கொஞ்ச நேரம்டா. ஓர்வில் வந்துருவான்."

தோள் எரிந்தது. பின்பு எரியவில்லை. அதுதான் பயமாக இருந்தது. கை இருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். இருந்தது. ஒரு விரல் பிரிந்தது. மடக்கச் சொன்னார். கேட்கவில்லை. இன்னொரு விரல்.

அவை எழுந்து நின்றன. அவசரமே இல்லை.

ஓர்வில் ஆறரைக்கு வந்து, ஒருபக்கக் கன்னம் வீங்கியபடி, முக்கி முனகிக் கதவைத் தூக்கினார். நட்டநடுவில் லைல் நின்றிருந்தார். இரண்டு கைகளும் மடங்கி, மார்போடு எதையோ அணைத்தபடி, லேசாக ஆட்டிக்கொண்டு. கைகளில் ஒன்றுமில்லை.

"லைல்? நாய் எங்கய்யா?"

"நீ சொன்னது நடந்ததுதான், ஓர்வில். காத்திருந்துச்சு. வாங்கிட்டு, தலையாட்டிட்டுப் போச்சு."

ஓர்வில் கதவைப் பிடித்தபடியே நின்றார். "யோவ், தலையாட்டினது நான் சும்மா சேத்துச் சொன்னதுய்யா."

"இல்ல," என்றார் லைல், வெறுங்கையை ஆட்டுவதை நிறுத்தாமல். "ஆட்டுச்சு. ஏழும்."