போயிட்டு வாங்க

“போங்க” என்றது படியேறி.

கீழே சமையலறை வாசலில் நின்றிருந்த தணிகாசலத்தின் கையிலிருந்து காபி டம்ளர் நழுவியது. மாடிப்படி பாதியில் திரும்புவதால் மேல்பாதி அவர் கண்ணுக்குத் தெரியாது. குரல் மட்டும்தான் கேட்கும். பக்கவாதத்தில் கால் விழுந்துபோன அவர் மனைவி சௌந்தரவல்லியை இரண்டு வருடமாக மாடிப்படித் தண்டவாளத்தில் ஓடும் இந்தப் படியேறி நாற்காலிதான் ஏற்றி இறக்குகிறது. அவள் எழுந்ததும் “போயிட்டு வாங்க” என்று சொல்லும். இன்றைக்கு மொட்டையாக ‘போங்க’. ‘வாங்க’வைக் காணோம்.

“வல்லி! அது என்ன சொல்லுச்சு?”

“என்னமோ சொல்லுச்சு, விடுங்க!” மேலேயிருந்து வந்த குரலில் சிரிப்பு இருந்தது. பாவம், இவளுக்கு விஷயம் புரியவில்லை என்று நினைத்துக்கொண்டார்.

அசைகிற பொருள் எதுவானாலும் அதற்குள் தேய்மானத்தைக் கணக்கிடும் ஒரு தேய்வறிவான் இருக்க வேண்டும் என்று சட்டம் வந்த பிறகு, பழுது என்ற சொல்லே வீடுகளில் அரிதாகிவிட்டது. மிக்சியோ மின்விசிறியோ, இன்ன நாளில் நிற்பேன் என்று முன்கூட்டியே சொல்லிவிடும். ஆள் வந்து மாற்றிவிட்டுப் போவார். ஆனால் இயந்திரம் சும்மா இருந்தால் தேயுமா? ஆள் உட்கார்ந்தால்தானே தேயும். அதனால் படியேறிக்குள் இருக்கும் தேய்வறிவான் உட்காருகிறவரையும் சேர்த்தே கணக்குப் போட்டது. அவர் எவ்வளவு கனம், கை எப்படி நடுங்குகிறது, எழுந்திருக்கும்போது எந்தக் கால் ஊன்றுகிறது, இனி எத்தனை காலம் உட்காருவார் என்பதெல்லாம் அதற்கு அத்துப்படி. செய்தவர்கள் அதோடு விட்டார்களா? நம் வீட்டுப் பொருள் நம் வீட்டு மரியாதையோடு பேச வேண்டும் என்று பேச்சும் பழக்கினார்கள். கிளம்புகிறவரிடம் வெறும் ‘போ’ என்று சொல்லும் வழக்கம் நம்மிடம் ஏது? ஆகவே, ஆள் திரும்பி வருவார் என்று கணக்கு சொன்னால், போயிட்டு வாங்க. இனி இந்த நாற்காலிக்கு வரமாட்டார் என்று கணக்கு சொன்னால்? பாழாய்ப்போன இயந்திரத்துக்குப் பொய் சொல்லத் தெரியாது.

எதிர்வீட்டு லூர்துசாமியிடம் போன ஐப்பசியில் அவர் வீட்டுப் படியேறி ‘போங்க’ என்றது. அடுத்த ஞாயிறு பூசைக்கு அவர் இல்லை. அந்த வாரமே உறையூரில் பல வீடுகளில் படியேறியின் ஒலிப்பெட்டிக்குள் பஞ்சு போயிற்று. தணிகாசலம் மட்டும் அடைக்கவில்லை. மின்வாரியத்தில் மீட்டர் பார்த்தே தலை நரைத்தவர் அவர். காட்டுகிற கருவியின் கண்ணை மறைப்பதும் வாயை அடைப்பதும் அவருக்கு ஒப்பாத காரியம். இப்போது தன்னையே நொந்துகொண்டார். அடைத்துத் தொலைத்திருக்கலாமே!

பராமரிப்பு நிலையத்துக்குப் பேசினார். ரெஜினா என்ற பெண் பெட்டியோடு வந்து தண்டவாளத்தை விளக்கடித்துப் பார்த்தாள்.

“நான் தினமும் துடைக்கிறேம்மா” என்றார், குற்றவாளிக் கூண்டில் நிற்பவர்போல. “படியில ஒரு செருப்பு கெடக்க விடமாட்டேன். பெல்ட்டை இழுத்துப் பார்க்காம அவளை உட்காரவைக்க மாட்டேன். பல்சக்கரத்துல ஒரு தலைமுடி சிக்கினாலும் எடுத்துருவேன்.”

“தெரியுது சார். இந்த வட்டாரத்துலயே இவ்வளவு சுத்தமா வச்சிருக்கிற படியேறி இதுதான்.”

“ஒரே ஒரு குறை. கொஞ்ச நாளா மேல போய் மின்னேற்றுற இடத்துல நிக்க மாட்டேங்குது. முன்னாடியே ஏதோ ஒரு படியில நின்னுக்கிட்டு பீப் பீப்னு கத்துது. நான்தான் போய் மேல தள்ளி நிறுத்துறேன். அதுல ஏதாவது கோளாறாகி இப்படி உளறுதோ?”

ரெஜினா மூடியைக் கழற்றினாள், பார்த்தாள், மாட்டினாள். “இல்ல சார். பொத்தானை அழுத்தினாத்தான் அங்க நிக்கும். அம்மா கை தவறிப் பட்டிருக்கும்.”

கை தவறியதா! அப்படியானால் கையும் போகிறதா?

“அடுத்த பராமரிப்பு எப்பன்னு போட்டிருக்கு?”

அவள் படியேறியில் இருந்த சின்னத் திரையை அவர் பக்கம் திருப்பாமலே வைத்திருந்தாள். அவரே எட்டிப் பார்த்தார். ‘தேவையில்லை’ என்று பச்சை எழுத்தில் இருந்தது.

“சார், பயப்படாதீங்க. இவங்க உட்கார மாட்டாங்கன்னு மட்டும்தான் அதுக்குத் தெரியும். ஏன்னு தெரியாது. எத்தனையோ காரணம் இருக்கலாம்…”

“லூர்துசாமிக்கு என்ன காரணம் இருந்துச்சும்மா?”

ரெஜினா பெட்டியை மூடிக்கொண்டு எழுந்தாள்.

அன்று மதியமே மருத்துவர் வீட்டுக்கு வந்தார். ரத்த அழுத்தம், இதயத் துடிப்பு எல்லாம் சரியாக இருந்தன. ஒரு குறையும் இல்லை என்று அவர் சிரித்தபோது தணிகாசலத்துக்குப் பயம் இரண்டு மடங்காயிற்று. கண்டுபிடிக்க முடிந்த வியாதி என்றால் மருந்தாவது கொடுக்கலாம்.

தணிகாசலம் வல்லியை மாடியிலேயே கட்டிலில் படுக்க வைத்தார். இறங்கக் கூடாது, நடக்கக் கூடாது, ஜன்னல் வரைக்கும்கூடக் கூடாது. சோறு மேலேயே வந்தது. குளியல் ஈரத்துணியோடு முடிந்தது.

“என்னங்க, எனக்கு ஒண்ணும் இல்ல. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்…”

“பேசாதே. மூச்சு வாங்கும்.”

“எனக்கெங்க மூச்சு வாங்குது? உங்களுக்குத்தான் வாங்குது. அது சொன்னதுக்கு அர்த்தம்…”

“லூர்துசாமிக்கும் இதேதாண்டி சொல்லுச்சு!” வெடித்துவிட்டார். “மனுஷன் சிரிச்சுக்கிட்டேதான் இறங்கினாராம். எனக்கு உன்னை விட்டா யாருடி இருக்கா?”

வல்லியின் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே வடிந்தது. லூர்துசாமி வீட்டு விஷயம் அவளும் அறிந்ததுதான். அதைத் தன்னோடு சேர்த்துப் பார்க்கவில்லை, அவ்வளவே. அவர் சொன்னபடியே காலை நீட்டிப் படுத்துவிட்டாள். அதற்குப் பிறகு அவள் எதையும் சொல்ல வரவில்லை.

தணிகாசலம் தினமும் திரையைப் போய்ப் பார்த்தார். தேவையில்லை. ஒரு நாள் அரிசி மூட்டையை நாற்காலியில் வைத்து, பெல்ட்டும் போட்டு, மேலும் கீழுமாக ஓட்டினார். தேயட்டுமே, ஒரு பழுதாவது வரட்டுமே! “அமர்ந்திருப்பவர் வல்லி அம்மா அல்ல” என்றது படியேறி, மிகப் பணிவாக. அவர் அதன் கைப்பிடியில் ஓங்கி ஒரு அறை வைத்தார். வலித்தது அவருக்குத்தான்.

வல்லி சாகவில்லை. வாரங்கள் போயின, மழைக்காலம் போயிற்று, அவள் சாகவில்லை. ஆனால் திரையும் மாறவில்லை. ஒவ்வொரு விடியலிலும் அவள் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அவர் பல் விளக்கப் போனார்.

கடைசியில் மருத்துவரே அதட்டினார். படுக்கவைத்தே கொல்லப் போகிறீர்களா, கீழே கூட்டி வாருங்கள் என்றார். தணிகாசலம் அவளைத் தூக்கி நிறுத்தினார். அவள் கால் நிற்கவில்லை. துவண்டு அவர் மேலேயே சாய்ந்தாள். ஏறக்குறைய இழுத்துக்கொண்டுபோய் நாற்காலியில் உட்காரவைத்து, பெல்ட்டை மாட்டி, கூடவே ஒவ்வொரு படியாக இறங்கினார். அடிப்படிக்கு வந்து அவளைக் கைத்தாங்கலாக எழுப்பினார்.

“போயிட்டு வாங்க” என்றது படியேறி.

தணிகாசலம் ஓவென்று அழுதுவிட்டார். அவளைச் சோபாவில் இருத்திவிட்டு ஓடிவந்து திரையைப் பார்த்தார். ‘மோட்டார் பட்டை தேய்மானம். சித்திரையில் மாற்றவும்.’ சித்திரை! சித்திரையில் அவள் இருப்பாள்! உடனே ரெஜினாவைக் கூப்பிட்டார்.

“அம்மாடி, பழுது வரப்போகுது! பட்டை தேயப்போகுது! நல்ல பட்டையா எடுத்து வை தாயி!”

பேசி முடித்துவிட்டுத் திரும்பினால் வல்லி சிரிக்கவில்லை. தன் இடது முழங்காலைப் பிடித்துப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அந்த நாற்காலி முன்னாடியே நின்னு கத்தும்னு சொல்வீங்களே” என்றாள். “அது கை தவறி இல்லைங்க. நான்தான் நிறுத்தினேன்.”

“ஏன்?”

“மிச்சப் படியை நடந்தேன். முதல்ல ஒரு படி. அப்புறம் ரெண்டு. அது போங்கன்னு சொன்ன அன்னைக்கு அந்தத் திருப்பத்துலயே இறங்கி, கம்பியைப் பிடிச்சுக்கிட்டு உச்சி வரைக்கும் ஏறினேன். இனிமே நீ எனக்கு வேணாம், நான் உனக்கு வேணாம்னு சொல்லுதுன்னு சந்தோஷப்பட்டேன். உங்க முன்னாடி மாடியிலேருந்து நானா இறங்கி வந்து நிக்கணும்னு இருந்தேன்.”

“ஏண்டி சொல்லல?” என்றார் தணிகாசலம்.

“முன்னாடியே சொல்லியிருந்தா நடக்க விட்டிருப்பீங்களா?”

விட்டிருக்க மாட்டார். அது அவருக்கே தெரியும்.

“அப்புறம் சொல்ல வந்தேன். நீங்க லூர்துசாமின்னீங்க. அது சொன்னது எந்தப் போங்கன்னு எனக்கே சந்தேகம் வந்துருச்சு. பயந்து படுத்துட்டேன். படுத்துப் படுத்தே கால் மறுபடி விழுந்துருச்சு.”

அன்று மாலை மருத்துவர் வந்து பார்த்துவிட்டுப் போன பிறகு அவளை மறுபடி நாற்காலியில் ஏற்றினார். பெல்ட்டை இழுத்துப் பார்த்து மாட்டினார். மேலே, உச்சிக்கு ஒரு படி இருக்கும்போது அவரே பொத்தானை அழுத்தினார். நாற்காலி நின்று பீப் பீப் என்று கத்த ஆரம்பித்தது.

“எழுந்திரு வல்லி. நான் பின்னாலயே நிக்கிறேன்.”

அவள் கம்பியை இரண்டு கையாலும் பிடித்து எழுந்தாள். வலது கால் ஏறியது. இடது கால் படியின் விளிம்பில் இடித்தது, சறுக்கியது, மறுபடியும் இடித்தது. அவர் அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“போயிட்டு வாங்க” என்றது முதுகுக்குப் பின்னால் அந்தப் பணிவான குரல்.

தணிகாசலம் ஒரு கையால் அவளைத் தாங்கிக்கொண்டு, அந்தக் கணக்கு இன்னொரு முறை அவள் காதில் விழாதபடி இன்னொரு கையால் ஒலிப்பெட்டியை இறுகப் பொத்தினார்.